வெட்டுத்துணி விரிப்பு: நிறமும் வெக்கையும் வருமானமும்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கை எழுதிக் கேட்டிருக்கிறார். அம்மா ஊருக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவர். பசளைப் பைகளில் கட்டிவைத்த வெட்டுத்துணி வீட்டில் மூலைக்கு மூலை கிடக்கிறது. எரிக்க மனமில்லை, ஒட்டுத்துணி விரிப்புத் தைத்துப் பழக ஆசை. ஆனால் எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும் என்று தெரியாமல், துண்டுகளைப் பரப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் பைக்குள் திணித்துவிடுகிறாராம். நம்முடைய வெக்கைக்கு இப்படியொரு விரிப்பு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். இதைத் தைத்தும் கற்றுக்கொடுத்தும் ஒருவர் சீவிக்க முடியுமா, என்னுடைய நாள் எப்படிப் போகிறது என்றும் அறிய விரும்புகிறார். அம்மம்மா உடுத்த மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்று இரண்டு இடத்தில் கிழிந்து கிடக்கிறது, அதை வெட்டலாமா என்பது கடைசிக் கேள்வி.

தங்கச்சி, கடைசிக் கேள்விக்குக் கடைசியிலேயே வருகிறேன். முதலில் நிறத்தைப் பேசுவோம். நீங்கள் திணறுவது அங்கேதான். என்னிடம் பழக வருகிறவர்களில் பெரும்பாலோர் திணறுவதும் அங்கேதான்.

எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும் என்ற கேள்வியைக் கைவிட்டுவிடுங்கள். சேலைக்குச் சட்டைத் துணி எடுக்கும்போது அது நல்ல கேள்வி. நூற்றுக்கணக்கான துண்டுகள் கூடும் விரிப்பில் அதற்கு வேலை இல்லை. அங்கே ஒவ்வொரு துண்டையும் பார்த்து, இது இளம் நிறமா கடும் நிறமா என்று மட்டும் கேளுங்கள். கிளிப்பச்சையும் ரோஸும் ஒத்துப்போகாது என்பார்கள். இரண்டும் ஒரே அளவு கடுமையாக நின்று, ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காததால்தான் கண் உறுத்துகிறது. அதே கிளிப்பச்சைக்குப் பக்கத்தில் வெளிறிப்போன ரோஸை வைத்துப் பாருங்கள், பச்சை முன்னே வரும், ரோஸ் பின்னே போகும், கண் நிம்மதியாக நடக்கும். இளமும் கடுமையும் ஒழுங்காக விழுந்துவிட்டால் எந்த நிறமும் எந்த நிறத்தோடும் இருக்கும். பத்து வகைச் சிவப்பு ஒன்றாக வந்தாலும் இருக்கும். வெட்டுத்துணியின் முழு இன்பமும் இதில்தான் என்பது என் உறுதியான எண்ணம்: கடையில் அளந்து வாங்கும் துணியில் நாம் துணிந்து சேர்க்க மாட்டாத நிறங்களை இந்தப் பை நம் கையில் தந்துவிடுகிறது.

இனிப் பையைத் தரையில் கொட்டுங்கள். குழல் விளக்கின் கீழே வேண்டாம், அதன் வெளிச்சம் நீலத்தையும் கத்தரிப்பூ நிறத்தையும் மாற்றிக் காட்டும். காலை வெயில் ஏறுவதற்கு முன்னர், முற்றத்து வெளிச்சம் விழும் விறாந்தையில் இருந்து செய்யுங்கள். நிறத்தின் பெயரை மனத்துக்குள்ளும் சொல்லாமல், கண்ணை இடுக்கிக்கொண்டு பாருங்கள். இமை பாதி மூடியதும் நிறம் மங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் எஞ்சும். அப்படிப் பார்த்தே இளம், இடை, கடும் என மூன்று குவியலாகப் பிரித்துவிடுங்கள். சந்தேகம் வரும் துண்டுகளைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கலாம். அப்போது இரண்டு நிறங்கள் ஆச்சரியப்படுத்தும். கண்ணுக்குப் பளீரென்று தெரிந்த இரத்தச் சிவப்பு, படத்தில் கடும் சாம்பலாகிவிடும். எவ்வளவு அழுத்தமான மஞ்சளானாலும் இளம் பக்கத்துக்கே போகும். இடைக் குவியலில் உள்ள துண்டுகள் நிலையானவை அல்ல என்பதையும் கவனியுங்கள். ஒரு நடுத்தர நீலம் வெள்ளைக்குப் பக்கத்தில் கடும் நிறமாக வேலை செய்யும், கறுப்புக்குப் பக்கத்தில் இளம் நிறமாக வேலை செய்யும். அந்த நீலத்தைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு நிறத்தைப் பற்றி யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவைப்படாது.

தையல்காரர் வீட்டுப் பைகளில் வழமையாக ஒரு குறை இருக்கும். இடை நிறம் மலையாகக் கிடக்கும், இளம் நிறம் கைப்பிடியளவுதான் இருக்கும். அந்தக் குறையை நிரப்ப உங்கள் அம்மாவிடமே மருந்து இருக்கிறது: பாடசாலைச் சீருடையின் வெள்ளை. இலங்கை அரசாங்கம் 1993இல் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது, புதிய பாடசாலை ஆண்டு தொடங்கும்போது ஊரிலுள்ள தையல் மெஷின்கள் எல்லாம் வெள்ளையைத்தான் தைக்கின்றன. தமிழ்ப் பிள்ளைகளின் சட்டையிலும், முஸ்லிம் பிள்ளைகளின் நீண்ட உடுப்பிலும் முக்காட்டிலும் மிஞ்சுகிற அந்த வெள்ளைக் கீற்றுகளைத்தான் எல்லோரும் முதலில் எறிகிறார்கள், நிறம் இல்லை என்பதற்காக. என்னிடம் பழகுகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு விரிப்பில் நான்கில் ஒரு பங்கு வெள்ளையோ வெளிறலோ இருந்தால் மற்ற நிறங்கள் மூச்சுவிடும்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். வடமோடிக் கூத்தில், கூடைபோல் விரிந்து நிற்கும் கரப்புடுப்புப் போட்டு ஆடுகிறவரைக் களரியின் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும், இரவு வெளிச்சத்திலும் உடுப்பின் ஒவ்வொரு பட்டியும் தனித்தனியே தெரியும். கடும் நிறத்துக்குப் பக்கத்தில் மினுங்கும் வெள்ளையையும் மஞ்சளையும் வைத்துக் கட்டுகிற கை, இந்தக் கணக்கைப் படிக்காமலே அறிந்த கை. நம்முடைய கரையில் பன் புல்லால் பின்னுகிற பன் பாயிலும் அதே கணக்குத்தான். கொழும்பில் 1964இல் பெயார்ஃபுட் நிறுவனத்தைத் தொடங்கிய பார்பரா சன்சோனி, கைத்தறித் துணியில் ஒத்துப்போகாது என்று மற்றவர்கள் ஒதுக்கிய நிறங்களை அருகருகே ஓடவிட்டுத்தான் பெயர் பெற்றார். அவருடைய கோடுகளைக் கண்ணை இடுக்கிப் பாருங்கள், இளமும் கடுமையும் அங்கேயும் எண்ணி வைக்கப்பட்டிருக்கும்.

நிறம் பிரித்ததும் துணி பிரிக்க வேண்டும். பருத்தியும் பொலியெஸ்டரும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்; கழுவும்போதும் மின்னழுத்தி படும்போதும் வேறாகிவிடும். சந்தேகமான துண்டிலிருந்து ஒரு விரற்கடை வெட்டி, சாமணத்தால் பிடித்து, தண்ணீர்க் கோப்பைக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி, தாள் எரிகிற மணத்தோடு எரிந்து சாம்பலாக உதிரும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடினமான கறுப்பு மணியாகக் கட்டிப்படும். சீருடைத் துணியில் இரண்டும் கலந்திருப்பதால் இரண்டு அடையாளமும் காட்டும், அது பரவாயில்லை, பருத்தியோடு சேர்ந்து தைபடும். அபாயாத் துணியின் கறுப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வழுக்கும், வியர்வை குடிக்காது. படுக்கிற விரிப்பில் வேண்டாம், பைக்கும் சுவர்த் தொங்கலுக்கும் எடுத்துவையுங்கள். கடும் நிறத்துக்கு மருதமுனை, காத்தான்குடித் தறிகளின் சாரத் துண்டுகளைவிட நல்லது எதுவும் இல்லை. நெய்தது நெருக்கமாக இருக்கும், பின்பக்கமும் முன்பக்கமும் ஒரே நிறமாக இருக்கும், பழசாகப் பழசாக மெதுமையாகும்.

கைத்தறியின் சிவப்பும் கறுப்பும் சிலவேளை சாயம் விடும். துண்டை நனைத்து, வெள்ளைத் துணி இரண்டுக்கு நடுவே வைத்து மின்னழுத்தியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் பிடித்தால், நீர் தெளிகிற வரைக்கும் அலசி மறுபடியும் பாருங்கள். உப்பும் வினாகிரியும் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். இன்றைய ஆலைச் சாயங்களை அவை இறுக்குவதில்லை. விட்டுக்கொண்டே இருக்கிற துண்டை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காமல் விடுவதே வழி.

இனித் தைப்பது. முதல் விரிப்புக்கு நட்சத்திரமும் தாமரையும் வேண்டாம். நீள்கீற்றுகளைத் தாளில் வைத்துத் தைக்கும் முறையில் தொடங்குங்கள், உங்கள் பையில் அதிகம் இருப்பதும் ஓரக் கீற்றுகளாகத்தான் இருக்கும். பத்திரிகைத் தாளில் மை ஒட்டும், ஆகவே பழைய அப்பியாசக் கொப்பித் தாள்களை இணைத்து எட்டரை அங்குலச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். மூலையிலிருந்து மூலைக்கு ஒரு வெள்ளைக் கீற்றை நிமிர்த்தி வையுங்கள். அதன் மேல் ஒரு கடும் நிறக் கீற்றைக் குப்புற வைத்து, ஓரத்தோடு தாளையும் சேர்த்துத் தைத்து, புரட்டி, நகத்தால் நீவி அழுத்துங்கள். அடுத்த கீற்று, அதற்கடுத்த கீற்று, சதுரம் மூடுகிற வரைக்கும் அப்படியே. தையலைச் சிறியதாக வைத்துக்கொண்டால் ஊசித்துளை நெருங்கி, பிறகு தாள் சுலபமாகக் கிழியும். துணியை மூலைவாக்கில் இழுத்தால் நீண்டு கோணலாகும் அல்லவா, அந்தத் தொல்லையைத் தாள் அடக்கிவைக்கிறது, கோணல் கீற்றும் நேராக நிற்கும். புரட்டிப்போட்டுத் தாளின் ஓரத்தோடு வெட்டினால் துல்லியமான சதுரம் கையில் இருக்கும். எல்லாச் சதுரத்திலும் நடுக்கீற்று வெள்ளையாகவே இருக்கட்டும். நான்கு சதுரங்களை வெள்ளைகள் சந்திக்கும்படி திருப்பி வைத்தால் வெள்ளை ஒரு சாய்சதுரமாகக் கூடும், அதைச் சுற்றி நீங்கள் போட்ட எந்த நிறமும் தன் இடத்தில் போய் இருந்துகொள்ளும்.

தையல் தைத்து வளர்ந்த கைக்கு ஒரே ஒரு பழக்கத்தை மாற்றவேண்டி வரும். சட்டை தைக்கிறவர், நாளை உடம்பு போட்டால் பிரித்து விடலாம் என்று உள்ளே தாராளமாகத் துணி விடுவார். இங்கே கால் அங்குலம்தான், அதற்குமேல் ஒரு நூலிழையும் கூடாது. தையல் ஒவ்வொன்றும் பதினாறில் ஒரு அங்குலம் கூடிப்போனால், இரண்டு பக்கமும் சேர்த்து ஒவ்வொரு இணைப்பிலும் அரைக்கால் அங்குலம் போகும். எட்டுச் சதுரம் உள்ள வரிசையில் ஏழு இணைப்பு, ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடும். பக்கத்து வரிசையில் அது போகாவிட்டால் இரண்டும் பொருந்தாது. ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, மெஷினின் தட்டில் ஒரு பிளாஸ்டர் நாடாவை ஒட்டி, அதன் ஓரத்தோடு துணியை ஓட்டுங்கள். இணைப்பை விரித்து அழுத்தாமல், கடும் நிறத்தின் பக்கமாக மடித்து அழுத்துங்கள். வெள்ளைக்குக் கீழே மடித்தால் கடும் நிறம் நிழலாகத் தெரியும்.

வெட்டுவதற்கு வட்டக் கத்தி என்று ஒன்று உண்டு, 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டு வந்தது. அது இல்லாமல் குயில்ட், அதாவது ஒட்டுத்துணி விரிப்பு, தைக்கவே முடியாது என்பதுபோல் இணையக் காணொளிகளில் பேசுகிறார்கள். கூரான கத்தரிக்கோலும் அடிமட்டமும் சோக்கட்டியும் போதும், பணம் சேர்ந்தால் பிறகு வாங்குங்கள்.

வெக்கைக்கு வருகிறேன். வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி. குளிர்நாட்டுக்காரர்கள் மேல் துணிக்கும் அடித் துணிக்கும் நடுவில் பஞ்சடுக்கு வைக்கிறார்கள், சூடு அதனால்தான். அதைத் தூக்கிவிடுங்கள். மேலே துண்டுகள், கீழே தோய்த்துத் தோய்த்து இளகிய பருத்திச் சேலையோ சாரமோ, அவ்வளவுதான். கோடையில் பாய்க்கு மேல் விரிக்கலாம், பிள்ளையை ஏணையிலிருந்து இறக்கிக் கிடத்தலாம், அந்தப் பருத்தி வியர்வையை வாங்கும். கார்த்திகை, மார்கழியில் நம்முடைய மாரி பிடித்து வாவிக் காற்றோடு நாட்கணக்கில் பெய்யும்போது இதே விரிப்பைத்தான் போர்த்துக்கொள்வீர்கள். மாரியில் ஒரு கவனம் வேண்டும்: முழுதாகக் காயாத விரிப்பை மடித்து அலுமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழும், அது போகாது. ஆனி, ஆடியில் கச்சான் வீசுகிற நாளில் தோய்த்தால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். வெயிலில் நேராகப் போடாமல் நிழற்கொடியில் போடுங்கள், நம்முடைய வெயில் சிவப்பைத் தின்றுவிடும்.

மின்சாரமும் மெஷினும் இல்லாதவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது வேறொரு முறை. கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பக்கத்தில் சித்தி மக்கள் என்று ஆபிரிக்க வழிவந்தவர்கள் வாழ்கிறார்கள். அந்தப் பெண்கள் தைக்கும் விரிப்புக்குக் கவந்தி என்று பெயர். அடியில் பழைய சேலையை விரித்து, ஒரு மூலையில் முதல் துண்டை வைப்பார்கள். துண்டின் ஓரத்தையும் சேலையின் ஓரத்தையும் உள்ளே மடித்து ஓட்டுத்தையல் போடுவார்கள். அடுத்த துண்டு முதலாவதன் பிசிறை மூடிக்கொண்டு உட்காரும். இப்படியே நான்கு ஓரமும் சுற்றி, சுற்றச் சுற்ற உள்ளே வந்து, நடுவில் முடிப்பார்கள். ஒட்டுவதும் அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதும் ஒரே தையலில் நடந்துவிடுகிறது, அளவுகோலே தேவையில்லை. நான்கு மூலையிலும் மடித்துவைத்த சிறு துணிப் பூக்கள் நிற்கும். பூ இல்லாத கவந்தியை அவர்கள் முடிந்ததாகக் கணக்கெடுப்பதில்லை. வங்காளத்துக் காந்தாவும் சிந்துவின் ரல்லியும் இதே குடும்பம்தான், பழைய துணியும் ஓட்டுத்தையலும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது என் வகுப்பு நிற்கவில்லை. கால் மெஷின் வைத்திருந்தவர்கள் அதில் தைத்தார்கள், மற்றவர்கள் கவந்தி தைத்தார்கள்.

என் நாளைக் கேட்டீர்கள். நான் கல்லடியில் இருக்கிறேன். பிள்ளைகள் பாடசாலைக்குப் போனதும் நிறம் பார்க்கிற வேலையும் வெட்டுகிற வேலையும், ஏனென்றால் அந்த வெளிச்சம் பிறகு கிடைக்காது. வெயில் ஏறியதும் மெஷின். மத்தியானச் சமையலுக்குப் பிறகு, வகுப்புள்ள நாட்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்துக்குப் போகிறேன். வகுப்பில்லாத நாட்களில் தையல்கடைகளுக்குத் துண்டு எடுக்கப் போகிறேன். கல்முனைப் பக்கம் பஸ்ஸில் போனால் திரும்பும்போது மடியிலும் காலடியிலும் பைகள் இருக்கும். துண்டை இரந்து வாங்காதீர்கள். கடைக்காரருக்கு ஊசிகுத்தியோ மெஷின் உறையோ தைத்துக் கொடுத்துப் பாருங்கள், அடுத்த முறை நல்ல துண்டுகளைத் தனியே எடுத்துவைத்திருப்பார். இரவில் கைத்தையல், அதற்குப் பெரிய வெளிச்சம் வேண்டாம், பழகிய விரலுக்கு வழி தெரியும்.

கற்பிப்பதில் நான் விடாப்பிடியாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு: பழகுகிறவர் பரப்பி வைத்த துண்டில் நான் கை வைக்க மாட்டேன். அறை வாசலில் போய் நின்று பார்க்கச் சொல்வேன். அங்கிருந்து பார்த்தால் எந்தச் சதுரம் அமிழ்ந்துவிட்டது, எது துள்ளி நிற்கிறது என்று அவருக்கே தெரியும். என் விருப்பத்துக்கு ஒரு துண்டை மாற்றி வைத்துவிட்டால் அந்த விரிப்பு என்னுடையதாகிவிடும், அவர் கண் பழகாது. ஒருமுறை, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்த ஒரு பிள்ளையும், வாழ்நாள் முழுக்கப் பன் பாய் பின்னிய ஒரு முஸ்லிம் ராத்தாவும் அடுத்தடுத்து இருந்தார்கள். ராத்தா இரண்டு கடும் கத்தரிப்பூக் கீற்றுகளுக்கு நடுவில் ஒரு மெல்லிய மஞ்சளை வைத்தார். சுண்டுவிரலின் பாதி அகலம்கூட இராது. கத்தரிப்பூவும் மஞ்சளும் எதிர் நிறம், கண்ணில் குத்தும் என்று பிள்ளை சொன்னாள், காணொளியில் பார்த்திருக்கிறாள். ராத்தா தலை நிமிரவில்லை. "பாயில் இப்படித்தான் போடுவோம் மகள். இரண்டு பக்கமும் கடுமையாக இருந்தால்தான் நடுவில் ஓடுவது தெரியும்" என்று சொல்லிக்கொண்டே, மஞ்சளை இன்னும் ஒரு இழை ஒடுக்கி மடித்தார். மற்றவர்களின் சதுரங்களோடு சேர்த்துச் சுவரில் குத்தியபோது, அறையின் மறுகோடியிலிருந்து முதலில் கண்ணில் பட்டது அந்த மஞ்சள் கோடுதான். அந்தப் பிள்ளை ராத்தாவுக்கு இன்னும் நெருங்கி இருந்துகொண்டாள். வகுப்பில் தமிழரும் முஸ்லிமும் ஒன்றாக இருப்பதால் எங்கள் துண்டுப் பையும் பெரிதாகிவிட்டது. ஒருவர் வீட்டில் இல்லாத நிறம் மற்றவர் வீட்டில் இருக்கிறது.

சீவிக்க முடியுமா என்றால், பெரிய விரிப்பை மட்டும் நம்பினால் முடியாது. ஒரு விரிப்பு வாரக்கணக்கில் கையைப் பிடித்து வைத்திருக்கும், அதன் உண்மையான கூலியைக் கொடுப்பவர்கள் குறைவு. வீட்டுச் செலவு நடப்பது வகுப்புக் கட்டணத்திலும் சிறு பொருள்களிலும்தான்: குழந்தை விரிப்பு, தலையணை உறை, தோள்பை. அறுகம்பேயில் அலைச்சறுக்குக் காலம் சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் ஓடும். அங்கேயும் பாசிக்குடாவிலும் பைகள் போகும், பெரிய விரிப்புப் போகாது, அவர்கள் சுமந்துகொண்டு ஊர் திரும்ப வேண்டுமே. பெரிய விரிப்புகளை வெளிநாட்டிலிருக்கும் நம்மவர்கள் கேட்டுச் செய்விக்கிறார்கள், பெரும்பாலும் பிள்ளை பிறக்கும்போதும் கல்யாணத்துக்கும்.

விலை சொல்லும்போது தலை குனியாதீர்கள். "கழிவுத் துணிதானே" என்று ஒருவர் பேரம் பேசுவார். அவர் வாங்குவது துணியை இல்லை, உங்கள் நேரத்தையும் கண்ணையும். மெஷினில் இருக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள், வெட்டிய நேரத்தையும் நிறம் பிரித்த நேரத்தையும் சேர்த்து. உங்கள் அம்மா சட்டைக்கு வாங்குகிற கூலியை மணிக்கணக்காக்கி, அதிலும் குறையாமல் விலை போடுங்கள். கழிவுப் பொருள் என்று சீட்டு எழுதி ஒட்டவும் வேண்டாம். பார்ப்பவர் இரங்கி வாங்கினால் ஒருமுறைதான் வாங்குவார், அழகுக்காக வாங்கினால் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவார்.

இதில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அமெரிக்காவின் அலபாமாவிலுள்ள ஜீஸ் பெண்ட் பெண்களை. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள். கிழிந்த வேலை உடுப்புகளில் குயில்ட் தைத்தார்கள். அந்தப் பகுதிப் பெண்கள் 1966இல் ஒரு கூட்டுறவு தொடங்கி, பிறகு சியர்ஸ் என்ற பெரிய கடைக்குக் கோர்டுரோய் என்ற வரிவரியான தடித்த துணியில் தலையணை உறைகள் தைத்துக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். மிஞ்சிய கோர்டுரோய்த் துண்டுகள் வீடுகளுக்குப் போய், அங்கே ஒன்றைப்போல் ஒன்று இல்லாத விரிப்புகளாயின. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவர்களுடைய விரிப்புகள் சுவரில் தொங்கின, 2006இல் அமெரிக்கத் தபால்தலைகளில் வந்தன. நானும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன். விற்பதற்கான பைகளை அளவு பிசகாமல், கேட்ட நிறத்தில் தைக்கிறேன். அவற்றின் மிச்சத்தில் எனக்கென்று ஒரு விரிப்பு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு யாருடைய அளவும் இல்லை. அந்த இரண்டாவதை விட்டுவிடாதீர்கள் தங்கச்சி. அது நின்றுபோனவர்களின் விற்பனைப் பைகளும் கொஞ்ச நாளில் சலித்துப்போவதைக் கண்டிருக்கிறேன்.

அம்மம்மாவின் சேலை. பட்டாக இருந்தால், மடிப்பில் வெடித்த இடங்கள் தையலைத் தாங்காது, சுவர்த் தொங்கலுக்கு மட்டும் எடுங்கள் என்று சொல்லியிருப்பேன். கைத்தறிப் பருத்தி என்கிறீர்கள், அது நல்ல செய்தி. வெட்டவே தேவையில்லை. சேலையின் அகலம் நாற்பத்தைந்து அங்குலம் அளவில் இருக்கும், நீளம் ஐந்தரை மீற்றர் அளவில் இருக்கும். உங்கள் சதுரங்கள் தைத்து முடிந்தால் எட்டு அங்குலம். அகலத்துக்கு ஐந்து, நீளத்துக்கு எட்டு, மொத்தம் நாற்பது சதுரம் தைத்தால் நாற்பதுக்கு அறுபத்துநான்கு அங்குலம் வரும். சேலையை அறுபத்துநான்கு அங்குலத்துக்கு ஒரு மடிப்பாக முன்னும் பின்னுமாக மூன்றாக மடியுங்கள். தலைப்பு வெளியே தெரியும்படி அடியில் வரட்டும். கிழிந்த இடங்கள் நடு மடிப்பில் விழும்படி முனையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். நீளத்தில் மிஞ்சுவதை உள்ளே மடித்துக்கொள்ளலாம். அகலத்தில் பக்கத்துக்கு இரண்டு அங்குலமளவு மிஞ்சும். உள் மடிப்புகளின் மிச்சத்தை உள்ளே திருப்பிவிட்டு, அடி மடிப்பின் கரையை மட்டும் முன்பக்கம் கொண்டு வந்து சதுரங்களின் ஓரத்தை மூடித் தையுங்கள். சேலைக் கரையே விரிப்பின் கரையாகிவிடும், தனியாகப் பட்டி வெட்ட வேண்டியதில்லை. நடுவிலிருந்து வெளியே போகும்படி பெரிய பெரிய தையலால் முதலில் பொருத்துங்கள், ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் தங்கும். அதன் பிறகு ஓட்டுத்தையல், ஒரு விரல் அகலத்துக்கு ஒரு வரி. மூன்று மடிப்பு என்பதால் கோடைக்குக் கொஞ்சம் கனம்தான், மாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதற்கும் முன்னர் சேலையைக் குளிர்ந்த நீரில் அலசி, அந்தக் கரை சாயம் விடுகிறதா என்று வெள்ளைத் துண்டில் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.